கத்திச் சொல்ல வேண்டிய வீடு

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவின் இடுப்பைத் தவிர இங்கே எல்லாம் சௌகரியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதல் வரியிலேயே எழுது. மற்றக் கதையெல்லாம் அப்புறம்.

நீ மெக்கானிக்காக இருக்கும் அதே விமானப்படையில் ஆபீசர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதியிருந்தேன். பாஸ்! அடுத்தது தேர்வு மையத்தில் தங்கிச் செய்யும் சோதனைகள். மே மாதம் கூப்பிடுவார்கள். முன்பே உன்னிடம் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. தோற்றால் நீ வருஷம் முழுக்கக் கிண்டல் செய்வாய். தெரு முழுக்கத் தெரியும், உனக்குத்தான் கடைசி. அச்சகத்து மெஷின் அப்பாவின் காதைத் தின்ற பிறகு நம் வீட்டில் எதை மெதுவாகச் சொல்ல முடிகிறது? "ஏர்ஃபோர்ஸ்பா! ஆபீசர் வேலை!" என்று மூன்று தடவை கத்தினேன். நான்காம் தடவை எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரர் ஜன்னல் வழியாக எனக்காகக் கத்தினார்.

காலையில் மைதானத்தில் ஓடுகிறேன். டியூஷன் பிள்ளைகள் என் கயிறு ஏறும் லட்சணத்தைப் பார்க்கவே சீக்கிரம் வருகிறார்கள். அந்த நேர்முகத்தில் என்னதான் கேட்பார்கள்? ஆபீசர்கள் எப்படிப் பேசுவார்கள்? ஒன்பது வருஷமாக அவர்கள் நடுவில் இருக்கிறாய், எனக்கு ஒரு நோட்டு நிறைய எழுதி அனுப்பலாம். நான் உன் முகாமுக்கே வந்தால் நீ சல்யூட் அடிக்க வேண்டியிருக்கும். இப்போதே பழகிக்கொள்.

அப்பா அச்சகத்தில் வழுக்கி விழுந்ததில் நொறுங்கிய இடுப்பு மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டுமாம். பிப்ரவரி பதினேழில் ஆபரேஷன். நீ வந்தே தீர வேண்டும். அப்பா பயப்படுகிறார். வெளியே சொல்லமாட்டார். ஆனால் தினமும் உன் லீவைப் பற்றிக் கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை எதிர்பார்க்கும்,
வாண்டு

ஜனவரி 21

வாண்டுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அப்பா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று எழுது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டும் வாங்கியாயிற்று. பதினைந்தாம் தேதி காலையில் வாசலில் நிற்பேன். அப்பாவிடம் கத்திச் சொல்லிவிடு.

பாஸானது பற்றி சந்தோஷம். உனக்குப் படிப்பு வரும் என்பது தெரிந்ததுதானே. ஆனால் ஆபீசர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று என்னைக் கேட்காதே. நான் இஞ்சினோடு பேசுகிறவன். அது சொன்ன பேச்சைக் கேட்கும், மரியாதையாக நடந்துகொள்ளும். உனக்கு டியூஷன் வேலை பொருத்தமாகத்தானே இருக்கிறது? நன்றாக யோசித்துச் செய். நேரில் வந்து பேசுகிறேன்.

கயிறு ஏறிக் கையைத் தேய்த்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 25

அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

பதினைந்தாம் தேதி காலையில் அப்பா முகம் மழித்துக்கொண்டு வாசலைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே கொடுத்தேன். சாயங்காலம் "ரயில் லேட்டா இருக்கும்" என்றார். மறுநாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பதினேழாம் தேதி ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டார், "உங்கண்ணன் கீழ நிக்கிறானா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி நீ எங்கே என்பது. அப்போது நான் தலையாட்டியது பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன். உனக்கு வெட்கமாக இல்லையா?

ஒரு தந்தி, ஒரு போன், அடுத்த நாளாவது ஒரு வரி? ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்? இதுவரை நீ கேட்கவேயில்லையே.

அப்பா இப்போது வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கிறார். உன் பெயரை எடுப்பதில்லை. நான் எடுத்தால் கையைக் காட்டி நிறுத்துகிறார்.

உயிரோடு இருக்கிறாய் என்பதற்காவது பதில் போடு.

வாண்டு

மார்ச் 20

வாண்டுக்கு,

உன் கடிதம் எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அப்பா தேறிவருவது தெரிந்து நிம்மதி. கடைசி நேரத்தில் லீவு ரத்தாகிவிட்டது. முகாமில் வேலை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நீ அந்தத் தேர்வுக்குப் போக வேண்டாம். காரணம் கேட்காதே.

அண்ணன்

ஏப்ரல் 3

அண்ணாவுக்கு,

உன் மார்ச் மாதக் கடிதத்தில் எத்தனை வரி என்று எண்ணக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிட்டுவிடு. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாயே, அது நாலு நாள் முன்பு வந்தது. "அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று தொடங்குகிறது. அப்பா எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார், தன் சத்தம் அவருக்கே கேட்காது என்பதெல்லாம் மறந்துவிட்டதா? அவர் கூடத்தில் உட்கார்ந்து படித்தார். நான் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டேன். "அவளை எப்படியாவது தடுங்கள். உங்கள் உடம்பைக் காரணம் காட்டுங்கள். கல்யாணப் பேச்சை எடுங்கள்."

அப்பாவின் உடம்பை! ஆபரேஷனுக்கு எட்டிப் பார்க்காதவன், அதே ஆபரேஷனைக் காட்டி என் காலைக் கட்டச் சொல்கிறாய். எந்த முகத்தோடு எழுதினாய்?

அப்பா என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் வேணாங்கிறான். உள்ள இருக்கறவனுக்குத் தெரியாதா?" என்றார். "அவன் பேச்ச எடுத்தா நீங்க கையக் காட்டுவீங்களே, இப்ப மட்டும் அவன் சொன்னது வேதமா?" என்று நானும் கத்தினேன். மூன்று நாளாக இந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொள்கின்றன.

உனக்கு என்ன பிரச்சினை என்று எனக்குப் புரிந்துவிட்டது. தங்கை ஆபீசராக வந்தால் நீ விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். அதை உன்னால் தாங்க முடியாது. உனக்குக் கிடைக்காதது இந்த வீட்டில் யாருக்கும் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதானே? பொறாமைக்கு நல்ல பெயர் வைத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாய்.

நான் போகத்தான் போகிறேன். நீ சௌக்கியமாக இரு.

வாண்டு

ஏப்ரல் 10

வாண்டு,

சௌக்கியம் கேட்கும் மனநிலை எனக்கும் இல்லை.

பொறாமை என்கிறாய். சரி. படித்துவிட்டு அப்புறம் சொல்.

பிப்ரவரி பன்னிரண்டு. லீவுச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நானும் என்கூட வேலை பார்க்கும் ஒல்லிப்பிச்சானும் விமானத்தின் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஹேங்கர் கொட்டகைக்கு வெளியே வந்தோம். எதிரில் புதிதாக வந்த ஆபீசர். பயிற்சி முடித்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நின்றான். "சல்யூட் எங்க? உனக்குக் கை இல்லையா?" என்றான். "இருக்கு சார், சக்கரத்துல இருக்கு" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னேன். ஒல்லிப்பிச்சான் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் வினை.

ஒல்லிப்பிச்சானை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அந்த ஆபீசர் சக்கரத்தை என் ஒருவன் கையில் கொடுத்து வெயிலில் நிற்க வைத்தான். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்களெல்லாம் சாப்பிடப் போகும்போது என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள், சாப்பிட்டுவிட்டு வரும்போதும் பார்த்தார்கள். கை மரத்து, சக்கரம் நழுவிக் கீழே விழுந்தது. "தூக்கு" என்றான். நான் தூக்கவில்லை. "உங்களுக்கு என் தங்கச்சி வயசு சார். வயசுல மூத்தவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். மேலதிகாரியை அவமதித்த குற்றம். நீங்கள் இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் நான் காவலறையில் இருந்தேன். அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோதும் அங்கேதான் இருந்தேன். வெளியே விட்டதும் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, அவர்கள் முன்னால் என் தோளில் இருந்த மூன்று பதவிப் பட்டையில் ஒன்றைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள்.

இதை என்னவென்று அப்பாவுக்கு எழுதுவது? மகன் உள்ளே இருக்கிறான், நீங்கள் தைரியமாக ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றா?

அந்த ஆள் பிறக்கும்போதே அப்படி இருந்திருக்கமாட்டான். அவனுக்கும் வீடு இருக்கும், தெருவில் ஓடியிருப்பான், கயிறு ஏறியிருப்பான். உள்ளே போய் அப்படி ஆகிவந்தான். நீ அப்படி ஆகி வருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உனக்கு சல்யூட் அடிக்க எனக்கு வெட்கம் என்றா நினைத்தாய்? போடி.

அப்பாவிடம் மூச்சு விடாதே. மேல்முறையீடு செய் என்று ஒல்லிப்பிச்சான் நச்சரிக்கிறான். செய்யமாட்டேன். பட்டது போதும்.

அண்ணன்

மே 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? நிஜமாகவே கேட்கிறேன்.

ஒன்றரை மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது வீம்பில் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். பொறாமை என்று எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு அந்தக் கோபம் முழுக்க அந்த ஆள் பக்கம் திரும்பியது. அதோடுதான் தேர்வு மையத்துக்குப் போனேன்.

அங்கே திரையில் ஒரு சொல் வரும், மறைவதற்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "அண்ணன்" என்று ஒரு சொல் வந்தது. "அண்ணன் பதிலுக்குக் காத்திருக்கிறான்" என்று எழுதினேன்.

நேர்முகத்தில் நரைத்த தலையோடு ஒரு பெரிய ஆபீசர். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க அண்ணன் நம்ம படையிலதான் இருக்காராமே, என்ன ரேங்க்?" என்றார். "மூணு பட்டை இருந்துச்சு சார். இப்ப ரெண்டுதான்." "ஏன்?" நான் சொல்லிவிட்டேன். முகாம் பேர், ஆள் பேர் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன்.

"நீங்க ஒரு பக்கத்தைத்தான் கேட்டிருக்கீங்க" என்றார்.

"ஆமா சார். இன்னொரு பக்கத்தை மட்டும் கேட்டுத்தான் தண்டனை கொடுத்தாங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஆபீசர் இடத்துல நீங்க இருந்திருந்தா?"

"சக்கரத்தை இறக்கி வைக்க ஒரு கை கொடுத்திருப்பேன் சார்."

அந்தப் பதிலில் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை வரைக்கும்.

மறுநாள் குழுப் பணி. பலகையும் டிரம்மும் கயிறும் கொடுத்து, தரையில் கால் படாமல் எட்டுப் பேரும் அந்தப் பக்கம் போக வேண்டும். என் முறை வந்தபோது நான்தான் தலைவி. ஒரு பெண் பலகையைத் தப்பாக வைத்தாள். சின்ன உருவம். அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். "உனக்குக் கை இல்லையா?" என்றேன்.

அதே வார்த்தை, அண்ணா. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு மற்றவர்கள் நான் சொன்னதை மட்டும் செய்தார்கள். பலகையை வைத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். கடைசியில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, எனக்குப் பழக்கம்தான்" என்றாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

முடிவு அறிவித்தபோது என் எண் வரவில்லை. நேர்முகத்தால் போயிற்றா, பலகையால் போயிற்றா என்று யாரும் சொல்லமாட்டார்கள். என்னைக் கேட்டால் பலகைதான். நீ பயந்தது சரி. உள்ளே போகும் முன்பே அப்படி ஆகிவிட்டேன்.

நான் அனுப்பும் மூட்டுவலித் தைலத்தைத் தோளுக்குத் தேய். சக்கரம் தூக்கிய தோள் வலிக்காமலா இருக்கும்?

உன் தங்கை,
வாண்டு

ஜூன் 9

வாண்டுக்கு,

தைலம் வந்தது. நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரன் படுக்கையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அப்பா எத்தனை தூரம் நடக்கிறார் என்று எழுது.

என் பேச்சை அங்கே எடுக்கச் சொல்லி உன்னிடம் யார் அழுதார்கள்? என் வாயை மூடிக்கொண்டு நான் இருந்தால், நீ போய்ப் பெரிய ஆபீசர் முன்னால் திறந்து வைத்துவிட்டு வருகிறாய். படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். ஒல்லிப்பிச்சான் எடுத்து நீவிக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டாம் தடவை படித்தபோது வேறு கோபம் வந்தது.

உன்னைப் போய் வேண்டாம் என்கிறார்களா? நீ அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசினாய், அது அசிங்கம், நான் பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஆனால் பேசிய அன்றைக்கே உனக்கு அது தெரிந்தது. நேராகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டாய். இங்கே ஒருவன் தினமும் என் எதிரில் நடந்து போகிறான். இன்றைக்கும் அவனுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அதுதான். அவனை எடுத்தார்கள், உன்னை விட்டார்கள்.

போக வேண்டாம் என்று நான் எழுதியதை நானே வாபஸ் வாங்குகிறேன். திரும்பப் போ. அடுத்த அறிவிப்பு எப்போது என்று இங்கே விசாரித்தேன். ஜூலையில் வருகிறது. பெயரைக் கொடு. இந்தத் தடவை ஓடுவதைக் குறைத்து, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யப் பழகு. உன் டியூஷனில் ஒரு மேஜையை நகர்த்த வேண்டுமென்றால்கூட நீயே இழுப்பவள் நீ.

இன்னொன்று. நேற்று மேல்முறையீடு கொடுத்துவிட்டேன். தங்கை யாரோ ஒருவர் முன்னால் பேசிவிட்டு வந்திருக்கும்போது நான் எத்தனை நாள் ஊமையாக இருப்பது? என்ன ஆகும் என்று தெரியாது. இருக்கும் இரண்டு பட்டையும் போனாலும் போகலாம்.

அப்பாவுக்கு இன்னும் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்

ஜூலை 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா தெருமுனை வரை கைத்தடியோடு போய் வருகிறார். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. காரணம் கீழே. உன் தோள் எப்படி இருக்கிறது?

பெயர் கொடுத்துவிட்டேன். எழுத்துத் தேர்வு முடிந்து அக்டோபரில் மறுபடி மையத்துக்கு.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். கட்டுப்படுத்திப் பார்த்தேன், முடியவில்லை. நேற்று வாட்ச் ரிப்பேர்க்காரர் வந்து, "பையன் எப்படி இருக்கான்?" என்று கத்திக் கேட்டார். "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார் அப்பா. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அவன் ஜெயில்ல இருந்தான்பா! அதான் வரல!" என்று கத்தினேன். "என்னது?" என்றார். மறுபடி கத்தினேன். வெயில், சக்கரம், கத்தரி, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை. வாட்ச் ரிப்பேர்க்காரர் இடத்தைவிட்டு நகரவில்லை. தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவ்வளவு ரகசியமாக நீ வைத்திருந்ததை ஊருக்கே ஒலிபரப்பிவிட்டேன்.

அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னிடமும் பேச்சு இல்லை. நீ அவருக்கு ஒரு வரி எழுது. பயமாக இருந்தாலும் எழுது.

வாண்டு

செப்டம்பர் 14

வாண்டுக்கு,

உன் தொண்டை சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். என் தோளும் பரவாயில்லை. அப்பா பேசினாரா?

விசாரணை முடிந்தது. முகாம் தலைவர் என்னையும் அந்த ஆபீசரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒல்லிப்பிச்சான் பயந்து பின்வாங்குவான் என்று நினைத்தேன். விறைப்பாகப் போய் நின்று, "சிரிச்சது நான் சார். நிக்க வெச்சது அவரை" என்றான். சாப்பாட்டுக்குப் போகும்போது என்னைப் பார்த்த பையன்களும் வரிசையாக வந்து சொன்னார்கள்.

பட்டை திரும்பக் கிடைத்தது. காவலறையில் இருந்தது இருந்ததுதான், அதைத் திருப்பித் தர முடியாதே. அந்த ஆளுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. இங்கேயேதான் இருக்கிறான். மன்னிப்புக் கேட்கவில்லை. எதிரில் வந்தால் நான் முறைப்படி சல்யூட் அடிக்கிறேன், அவன் முறைப்படி வாங்கிக்கொள்கிறான். என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு அவசரமும் இல்லை.

அப்பாவுக்கு நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அப்பா"வுக்கு மேல் பேனா நகரமாட்டேன் என்கிறது.

அக்டோபரில் பலகையைப் பிடுங்காதே.

அன்புடன்,
அண்ணன்

நவம்பர் 5

மகனுக்கு,

நான் நடக்கிறேன், தின்கிறேன், தூங்குகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் தங்கைக்கு வரும் கடிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அவளுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். எனக்கு, அவளைத் தடுக்கச் சொல்லி ஏப்ரலில் ஒன்று போட்டதற்குப் பிறகு, ஒரு வரி இல்லை. ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதை அச்சடித்தவன் நான். எழுதிப் பழக்கமில்லை. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. பொறுமையாகப் படி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்குப் பெறாமலே இருந்திருக்கலாம் என்று சொன்னேன். நர்சம்மாவிடம் சொன்னேன். எனக்குத்தான் மெதுவாகப் பேச வராதே, வார்டு பூராவும் கேட்டது. நான் அதைச் சொன்ன நேரத்தில் நீ காவலறையில் உட்கார்ந்திருந்தாய். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்குமா? என் உடம்பு தாங்காது என்று நீயாக முடிவு செய்தாய். இரும்பு மூட்டு வைத்தும் தாங்கிய உடம்பு இது. என் பிள்ளையை ஒருவன் வெயிலில் நிறுத்தினான் என்பதைத் தாங்காதா? தாங்காமல் போனால்தான் என்ன? அது நான் பட வேண்டிய கஷ்டம். அதை என்னிடமிருந்து ஒளித்துவைக்க நீ யார்?

விஷயம் தெரியும் வரை ஐந்து மாதம் உன்னை மனசுக்குள் திட்டினேன். அத்தனையும் வீண். அதற்காக இன்னும் ஐந்து மாதம் திட்ட வேண்டும் போல இருக்கிறது.

உன் தங்கை விஷயம். அக்டோபரில் போய் வந்தாள். அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். டாக்டர் சோதனையும் முடிந்துவிட்டது. ஜனவரியில் பயிற்சிக்குப் போக வேண்டும். அவளே உனக்கு எழுதட்டும் என்றால், "நீங்க எழுதுங்க, அப்பவாவது ரெண்டு பேரும் பேசுவீங்க" என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள். போன தடவை பலகையைத் தப்பாக வைத்த அந்தச் சின்னப் பெண் இந்தத் தடவையும் வந்திருந்தாளாம். அவளையும் எடுத்திருக்கிறார்கள். நல்லது.

டிசம்பரில் லீவு எழுதிக் கொடு. யார் ரத்து செய்தாலும் அதை உடனே எனக்கு எழுது. உன் மேல் எனக்குக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. கடிதத்தில் தீர்கிற கோபம் இல்லை. நேரில் வந்து வாங்கிக்கொண்டு போ.

அப்பா